பழைய மாரியோவில் ஒளிந்திருக்கும் லெவல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலிருந்து வீட்டுக்கு வந்த 'டிவி கேம்' பெட்டிகளோடு கொடுக்கப்பட்ட கேசட்டுகளில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இல்லாததைப் பார்ப்பது அரிது. அதை விளையாடி வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு 1-2 லெவலின் (முதல் உலகத்தின் இரண்டாம் லெவல்) கூரைமேல் ஓடினால் நான்காம் உலகத்துக்குத் தாவலாம் என்பது தெரியும். அதற்கு மேல் இருந்தவை யாவும் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லக் கேட்ட கதைகளாகவே நின்றுவிட்டன. அந்தக் கதைகளில் எது உண்மை என்று இப்போது உட்கார்ந்து தேட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த விளையாட்டில் ஒளிந்திருப்பவை இரண்டு வகைப்படும்: உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே மறைத்து வைத்தவை ஒரு வகை; நிரலின் ஓட்டை வழியாகத் தாமே திறந்துகொண்டவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே முறையில் தேடினால் இரண்டுமே கிடைக்காது.

தொடங்குமுன் எந்தப் பதிப்பை விளையாடப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் ரகசியங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த மூல விளையாட்டு 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகாம் விளையாட்டு இயந்திரத்துக்காக வெளியானது. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு லெவல்கள் என மொத்தம் 32 லெவல்களும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட இந்த இடம் போதாது. இந்த மூலப் பதிப்பை நின்டெண்டோ ஸ்விட்சின் ஆன்லைன் சந்தாவில் அப்படியே விளையாடலாம். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியும் பின்னோக்கிச் சுற்றும் வசதியும் அதில் உண்டு. 1993இல் சூப்பர் நின்டெண்டோவுக்காக வந்த 'ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பில் படங்கள் அழகாக மாற்றி வரையப்பட்டிருக்கின்றன, ஆனால் பிழை வழியாகத் திறக்கும் லெவலை அதில் அடைத்துவிட்டார்கள். 1999இல் கேம் பாய் கலருக்கு வந்த பதிப்பில் திரை சிறியது. மாரியோவின் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது பல இடங்களில் தெரியாது. தேடுவதுதான் நோக்கம் என்றால் 1985ஆம் ஆண்டின் மூலப் பதிப்பே ஏற்றது என்பது என் கருத்து.

நகல் கேசட்டுகளைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பட்டியலில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாகக் காட்டிய அந்தக் கேசட்டுகளில் உண்மையில் இருந்தவை சில பத்து ஆட்டங்கள்தாம். ஒரே ஆட்டத்தை வெவ்வேறு லெவலிலிருந்து தொடங்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் பெயர் கொடுத்து எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள். சிலவற்றில் உருவங்களும் லெவல்களும் திருத்தப்பட்டிருந்தன. ஆகவே சிறுவயதில் கண்ணால் பார்த்ததாக உறுதியாக நினைவிருக்கும் ஒரு லெவல் மூலப் பதிப்பில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால், நினைவைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கேசட்டைச் சந்தேகிப்பது நல்லது.

இனித் தேடும் முறைக்கு வருவோம். முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இந்த ஆட்டத்தில் திரை வலப்பக்கமாக மட்டுமே நகரும். கடந்துபோன இடத்துக்கு அந்த உயிரில் மீண்டும் வர முடியாது. எனவே திரையின் வலது ஓரத்தில் புதிய செங்கற்களோ குழாயோ தலைகாட்டியதும் ஓடிவிடாமல் நின்று, இடப்பக்கம் உள்ளவற்றை முட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். மேலே காட்டப்படும் நேரமும் உண்மையான நொடிகள் அல்ல; அதன் ஒவ்வோர் எண்ணும் ஏறத்தாழ 0.4 நொடியில் குறைந்துவிடுகிறது. 400 என்று தொடங்கும் லெவலில் கையில் இருப்பது இரண்டு நிமிடம் 40 நொடி மட்டுமே. அதற்குள் ஒரு லெவல் முழுவதையும் துழாவி முடிப்பது இயலாத காரியம். லெவலை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு முறை ஒரு பகுதியை மட்டும் ஆராய்ந்து, மற்ற பகுதிகளை வேகமாகக் கடந்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். உயிர்கள் தீர்ந்து ஆட்டம் முடிந்தாலும் கவலை வேண்டாம்: தொடக்கத் திரையில் 'ஏ' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ஸ்டார்ட்' அழுத்தினால், இறந்த உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடரலாம். கேசட்டோடு கையேடு எதுவும் தரப்படாத நம் ஊரில் இந்த ஒரு பொத்தான் சேர்க்கை தெரியாமலேயே எத்தனையோ கோடை விடுமுறைகள் 1-1இலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளைத் தேடுவதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டி, மாரியோ மேல்நோக்கி எழும்பும்போது தலை இடித்தால் மட்டுமே உருவம் பெறும். பக்கவாட்டில் நடந்தாலோ மேலிருந்து விழுந்தாலோ அது காற்றைப் போல வழிவிட்டுவிடும். ஆகவே ஓர் இடத்தின் வழியாகப் பத்து முறை நடந்துபோய்விட்டு அங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நின்று, நேராகக் குதித்துப் பார்க்க வேண்டும். எங்கே குதிப்பது என்பதற்கு ஆட்டமே குறிப்புத் தருகிறது. எட்டாத உயரத்தில் ஒரு குழாயோ செங்கல் வரிசையோ இருந்து, அதற்கு அருகில் ஏறிச்செல்லப் படி எதுவும் இல்லையென்றால், அந்தப் படி கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருக்கக்கூடும். 8-4 கோட்டையில் அந்தரத்தில் தொங்கும் குழாயை அடைவதற்கு இப்படிப்பட்ட ஒரு மறைபெட்டியை எழுப்பித்தான் தீர வேண்டும். பெரிய பள்ளங்களுக்கு முந்தைய வெற்றிடமும் பார்க்கத்தக்கது. 1-1இல் நான்காவது குழாயைத் தாண்டியபின், முதல் பள்ளத்துக்கு முன்னால் உயிர் தரும் பச்சைக் காளான் ஒளிந்திருப்பது அப்படி ஓர் இடத்தில்தான்.

அந்தப் பச்சைக் காளான் எல்லா உலகங்களின் முதல் லெவலிலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேடி, கிடைக்காமல் கைவிட்டவர்கள் உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: முந்தைய உலகத்தின் மூன்றாவது லெவலில் போதுமான நாணயங்களைச் சேர்த்திருந்தால்தான் அடுத்த உலகத்தின் முதல் லெவலில் அந்தப் பெட்டி தோன்றும். 1-3இல் மரங்களின் மேலும் பலகைகளின் மேலும் தொங்கும் நாணயங்களைப் பாதி விட்டுவிட்டு ஓடியவருக்கு, 2-1இல் சரியான இடத்தில் குதித்தாலும் தலை காற்றில்தான் முட்டும். இடம் சரியாக இருந்தும் ஒன்று கிடைக்கவில்லை என்றால், அதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பதையும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

குழாய்களைச் சோதிப்பது எளிது. குழாயின் நடுவில் நின்று கீழ் அம்பை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மாரியோ குழாயின் மீதோ அதை ஒட்டியோ நிற்கும்வரை உள்ளிருக்கும் கடிக்கும் பூச்செடி வெளியே வராது என்பதால் அச்சமின்றி நிற்கலாம். 1-1இன் நான்காவது குழாய்க்குள் 19 நாணயங்கள் கொண்ட நிலவறை இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் மூன்று குழாய்களும் வெறும் தடைகள். வானத்துக்குக் கொண்டுபோகும் கொடிகள் செங்கற்களுக்குள் இருப்பதால், அவற்றைத் தேடத் தலையால் முட்டித்தான் ஆக வேண்டும். 2-1, 3-1, 5-2, 6-2 ஆகிய நான்கு லெவல்களிலும் கொடி ஏறினால் மேகங்களின் மேல் நாணய வரிசை காத்திருக்கும். இவற்றில் எந்தச் செங்கல் என்று நான் சொல்லப்போவதில்லை, அதுவே தேடலின் சுவை.

ஆனால் 4-2ஐ மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறிப்பின்றி அதைக் கண்டுபிடிப்பவர்கள் மிகக் குறைவு. நிலத்தடி லெவலான அதில் மேலும் கீழும் ஓடும் பலகைகளைக் கடந்தபின் மூன்று செங்கற்கள் தனித்து நிற்கும். இடப்பக்கச் செங்கலில் கொடி இருக்கிறது. ஆனால் அதை முட்டிவிட்டால் மட்டும் போதாது, கொடியைப் பிடிக்க மேலே ஏறுவதற்குப் படி வேண்டும். அந்தச் செங்கற்களுக்கு அருகில் நின்று குதித்தால் மறைபெட்டிகள் ஒவ்வொன்றாகத் தோன்றிப் படிக்கட்டாக அமையும். கொடி ஏறிச் சென்றால் 8, 7, 6 என்று எண்ணிட்ட மூன்று குழாய்கள் உள்ள வார்ப் ஸோன், அதாவது வேறு உலகங்களுக்குத் தாவும் அறை, வருகிறது. இதைத் தவறவிட்டு, 1-2இல் செய்ததைப் போலவே 4-2இன் முடிவிலும் கூரைமேல் ஓடுபவருக்கு 5ஆம் உலகத்துக்கான ஒரே ஒரு குழாய்தான் கிடைக்கும். ஏற்கெனவே தெரிந்த தந்திரத்தை மீண்டும் செய்தவருக்குச் சிறு பரிசும், புதிதாகத் தேடியவருக்குப் பெரும் பரிசும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்தின் வடிவமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த வார்ப் ஸோன்களைப் பயன்படுத்தினால் 1-1, 1-2, 4-1, 4-2 ஆகியவற்றோடு எட்டாம் உலகத்தின் நான்கு லெவல்களையும் மட்டும் விளையாடி ஆட்டத்தை முடித்துவிடலாம். வேகமாக முடிக்க அது சரி. தேடுகிறவருக்கோ அது பெரும் இழப்பு: 1-2இலிருந்து நான்காம் உலகத்துக்குத் தாவிய கணத்திலேயே 2-1, 3-1 கொடிகள் கைவிட்டுப் போய்விடுகின்றன. முதல் சுற்றில் வார்ப் ஸோன்களைக் கண்டுபிடித்து, குறித்து வைத்துக்கொண்டு, உள்ளே நுழையாமல் வழக்கமான வழியிலேயே செல்லுங்கள்.

கோட்டைகளில் 4-4, 7-4, 8-4 மூன்றும் சுற்றுப்பாதைகள். தவறான வழியில் போனால் ஆட்டம் எதுவும் சொல்லாமல் பழைய இடத்தையே மீண்டும் காட்டும். இந்தக் கோட்டைக்கு முடிவே இல்லையோ என்று சிறுவயதில் தோன்றியதற்குக் காரணம் அதுவே. ஒரு தாளில் மேல், நடு, கீழ் என்று எடுத்த பாதைகளை வரிசையாக எழுதிக்கொண்டு, காட்சி திரும்ப வந்ததும் கடைசித் தேர்வை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு தேர்வுகளை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். 'ஆல்-ஸ்டார்ஸ்' பதிப்பில் சரியான பாதைக்கு ஓர் ஒலியும் தவறான பாதைக்கு வேறோர் ஒலியும் சேர்த்திருக்கிறார்கள், அதில் இந்தத் தாளுக்கு வேலையில்லை. 8-4இல் பாதைகளுக்குப் பதிலாகக் குழாய்கள். தவறான குழாய் உங்களைத் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விடும்.

அடுத்தது பிழை வழியாகத் திறக்கும் லெவல். '-1' என்று திரையில் எழுதிவரும் 'மைனஸ் உலகம்' வதந்தியல்ல, உண்மையிலேயே இருக்கிறது. பெரிய மாரியோவாக 1-2இன் முடிவுக்கு வந்து, வெளியேறும் குழாய்க்கு மேலே உள்ள செங்கற்களில் சுவரை ஒட்டிய கடைசிச் செங்கலை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றை உடைக்க வேண்டும். பிறகு குழாயின் இடது விளிம்பில் இடப்பக்கம் பார்த்தபடி நின்று, கீழ் அம்பை அழுத்திக் குனிந்து குதித்து, குதிக்கும்போதே வலப்பக்கம் தள்ள வேண்டும். மாரியோவின் உடல் அந்தச் செங்கலின் மூலையில் சரியான இடத்தில் சிக்கினால், ஆட்டம் அவனைச் சுவருக்குள் இருப்பதாகக் கருதி வலப்பக்கமாகத் தள்ளி வெளியேற்றும். சுவரின் ஊடாக வழுக்கிக்கொண்டு வார்ப் ஸோனுக்குள் விழுவான். அங்கே வரவேற்பு வாசகம் திரையில் தோன்றுவதற்கு முன்பே இடது ஓரக் குழாய்க்குள் இறங்கிவிட வேண்டும். இது எளிதில் வசப்படாது. குதிப்பதற்கு முந்தைய கணத்தில் ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டு முயல்வதே பொறுமையைக் காக்கும் வழி.

இது ஏன் நடக்கிறது என்பது தெரிந்தால் தேடல் இன்னும் சுவைக்கும். அந்த வாசகம் தோன்றும்போதுதான் மூன்று குழாய்களுக்கும் 4, 3, 2 என்ற எண்கள் கொடுக்கப்படுகின்றன. அதற்கு முன்னால் நுழைபவருக்கு, 4-2இன் முடிவில் உள்ள ஒற்றைக் குழாய் வார்ப் ஸோனுக்கு உரிய எண்கள் பொருந்திவிடுகின்றன: நடுவில் 5, இருபுறமும் 36. இல்லாத குழாய்களுக்காக இட்டு வைத்த அந்த 36, 'வெற்றிடம்' என்ற எழுத்துக்கு ஆட்டம் கொடுத்திருக்கும் வரிசை எண். 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள், அவற்றை அடுத்து 26 ஆங்கில எழுத்துகள், அடுத்து வெற்றிடம். ஆக நீங்கள் நுழைவது 36ஆம் உலகத்தின் முதல் லெவல். திரையில் '36-1' என்று வர வேண்டிய இடத்தில் எண் வெற்றிடமாகி '-1' மட்டும் நிற்கிறது. உள்ளே இருப்பது 7-2இன் அதே நீருக்கடி லெவல். முடிவில் உள்ள குழாய் மீண்டும் தொடக்கத்திலேயே விடுவதால் நேரம் தீர்ந்து சாகும்வரை நீந்தலாம், வெளியேற வழியில்லை. ஜப்பானில் 1986இல் டிஸ்க் வடிவில் வந்த பதிப்பில் இதே தந்திரம் வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது: அங்கே -1, -2, -3 என மூன்று லெவல்கள் உண்டு, மூன்றையும் முடிக்கவும் முடியும். முதல் லெவலில் இளவரசியும் ஆட்டத்தின் வில்லன் பௌசரும் நீருக்குள் மிதந்துகொண்டிருக்கும் காட்சி, கனவில் வந்தது போல விசித்திரமானது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேசட்டைப் பிடுங்கி, 'டென்னிஸ்' ஆட்டத்தின் கேசட்டைச் செருகிச் சிறிது விளையாடி, மீண்டும் மாரியோவைச் செருகி இதைவிட விநோதமான உலகங்களுக்குப் போகும் வித்தையும் ஜப்பானியச் சிறுவர்களிடையே பிரபலமாக இருந்தது. இயந்திரமும் கேசட்டும் பழுதாகக்கூடும். பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

32 லெவல்களையும் சலித்துவிட்டவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது, 1986 ஜூன் 3 அன்று ஜப்பானில் வெளியான இரண்டாம் பாகம். 'ஆல்-ஸ்டார்ஸ்' தொகுப்பில் 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் இருப்பதும் அதுவே. இதில் வார்ப் ஸோன்களே பொறியாக வைக்கப்பட்டிருக்கின்றன; 3-1இல் ஆசையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் குழாய் முதலாம் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். எந்த வார்ப் ஸோனையும் பயன்படுத்தாமல் எட்டு உலகங்களையும் முடித்தால் ஒன்பதாம் உலகம் திறக்கும். இந்த இரண்டாம் பாகத்தின் 1986ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டத்தை எட்டு முறை முடித்தவர்களுக்கு ஏ முதல் டி வரை இன்னும் நான்கு உலகங்கள் உண்டு. இதற்குப் பின்னோக்கிச் சுற்றும் வசதியைப் பயன்படுத்துவதில் எந்த வெட்கமும் தேவையில்லை.

1990 நவம்பர் 21 அன்று வந்த 'சூப்பர் மாரியோ வேர்ல்டு' தேடலை முற்றிலும் வேறு விதமாக அமைத்திருக்கிறது. அதில் வரைபடம் ஒன்று கொடுக்கப்பட்டு, ஒரே வழி உள்ள லெவல்கள் மஞ்சள் புள்ளியாகவும் இரண்டு வழிகள் உள்ளவை சிவப்புப் புள்ளியாகவும் காட்டப்படுகின்றன. சிவப்புப் புள்ளியிலிருந்து ஒரு பாதை மட்டுமே பிரிந்தால் இன்னொன்று மறைந்திருக்கிறது என்று பொருள். பேய் வீடுகளுக்குப் புள்ளிக்குப் பதிலாக வீட்டின் படமே இருப்பதால் இந்தக் குறிப்பு அங்கே பயன்படாது. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். டோனட் பேய் வீட்டுக்குள் நுழைந்ததும் இறகை எடுத்துப் பறக்கும் திறன் பெற்ற மாரியோவாக மேலே பறந்து கூரையின் மேல் நடந்தால், பரிசுப் பெட்டிகள் மட்டுமே உள்ள 'டாப் சீக்ரெட் ஏரியா'வுக்கு வழி திறக்கும். 1-2இன் கூரையில் ஓடிப் பழகியவர்களுக்கு இங்கே உடனே கை ஓடும்.

மறைந்த வழிகளில் பல, சாவியைத் தூக்கிச் சென்று சாவித்துவாரத்தில் பொருத்துபவை. வேறு சில சற்று வஞ்சகமானவை. 'சீஸ் பிரிட்ஜ்' லெவலில் முடிவுக் கம்பங்களுக்கு அடியில் பறந்து கடந்தால் அதற்கப்பால் இன்னொரு முடிவு இருக்கிறது. 'சாக்லேட் ஐலண்ட் 2'இல் சேர்த்த நாணயங்களையும் மிச்சமிருக்கும் நேரத்தையும் பொறுத்து அடுத்து வரும் பகுதியே மாறுகிறது. கடிகாரத்தில் 250க்கு மேல் மீதம் வைத்து வருபவருக்குத்தான் சாவி உள்ள பகுதி கிடைக்கும். மாயக்காட்டில் வழக்கமான வழிகளை மட்டும் எடுத்தால் காட்டையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள், வெளியேறவே மறைந்த வழி வேண்டும். மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் ஆகிய நான்கு சுவிட்ச் அரண்மனைகளில் மஞ்சளைத் தவிர மற்ற மூன்றும் மறைந்த வழிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றை முதலில் பிடித்துவிட்டால் புள்ளிக்கோடுகளாக மட்டும் தெரிந்த பெட்டிகள் கெட்டியாகி, எட்டாத இடங்களுக்குப் படியாகும்.

'நட்சத்திரப் பாதை' என்ற மறைந்த பகுதியின் ஐந்து லெவல்களிலும் சாவியைக் கண்டுபிடித்தவர்களுக்கே எட்டு லெவல்கள் கொண்ட 'ஸ்பெஷல்' பகுதி திறக்கும். அவற்றில் இரண்டாவதான 'டியூபுலர்'தான் பெரும்பாலோர் நின்றுவிடும் இடம். பலூனாக ஊதிய மாரியோவைப் பறக்கும் எதிரிகளுக்கு நடுவே மிதக்கவிட்டு, காற்று இறங்குவதற்குள் அடுத்த பலூனைப் பிடித்தாக வேண்டும். இறகோடு உள்ளே போய், இயன்ற தூரம் பறந்து கடந்துவிட்டு அதன்பின் பலூனை எடுப்பது ஓரளவு எளிது. எட்டையும் முடித்துத் திரும்பினால் வரைபடம் முழுவதும் இலையுதிர்கால நிறத்துக்கு மாறி, ஆமைகள் மாரியோவின் முகமூடியை மாட்டிக்கொண்டு நடமாடும். அப்போதும் சேமிப்புக் கோப்பின் எதிரே, கண்டுபிடித்த வழிகளின் முழு எண்ணிக்கையான 96 என்ற எண்ணும் நட்சத்திரமும் வரவில்லையானால், சிவப்புப் புள்ளிகளை விட்டுவிட்டுப் பேய் வீடுகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.